பதினான்கா, பத்தொன்பதா

ஜனவரி 6

இருபத்து நான்கு பைகளையும் லேப் தரையில் வரிசையாக வைத்தேன். என் ஆய்வேட்டுக்காகக் காரை கிராமத்தில் எடுத்த களிமண். மீட்டருக்கு ஒரு பை, கீழிருந்து மேலே. இருபத்திரண்டில் எண் தெளிவாக இருக்கிறது. இரண்டில் தண்ணீர் புகுந்து, உள்ளே வைத்த சீட்டின் மை ஓடிவிட்டது. விடுபட்டவை 14, 19. இரண்டு சீட்டிலும் முன்னால் ஒரு '1' நிற்கிறது. அடுத்த எண்ணில் நேராக இறங்கும் கோடு மட்டும் மிச்சம். அப்பா போடும் 4 தலை திறந்திருக்கும். 9 போட்டாலும் அதே கோடுதான் கீழே இறங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊதாக் கறை, நடுவில் ஒரு கோடு.

சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் குழிக்குள் இருந்தேன். அப்பா சட்டைப் பையில் இருந்த ஜெல் பேனாவால் எழுதியிருக்கிறார். அப்புறம் அவருடைய தண்ணீர் கேன், மூடி சரியாக மூடாமல், அதே சாக்கில்.

அவரிடம் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 7

அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜனவரி 9

சந்தேகமான இரண்டையும் 'அ', 'ஆ' என்று குறித்துவிட்டு, எல்லாவற்றையும் சலவைச் சோடா கரைசலில் ஊறப் போட்டேன். களிமண் குமிழி விட்டு மெல்ல அவிழ்கிறது. நாளை 63 மைக்ரான் சல்லடையில் அலச வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுப்போம். கண்ணியில் ஏதாவது நுண்ணுயிர் ஓடு சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் ஒரு நீல ஓடு தென்பட்டால், இது இந்த ஊர்க்காரன் இல்லை என்று ஒதுக்கிவிடலாம். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பைக்குள் வைத்த சீட்டுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

ஜனவரி 12

'அ'வில் ரொட்டாலிபோரா இருக்கிறது.

கறுப்புத் தட்டில் ஒரு சிட்டிகை பரப்பி, மூன்று சைபர் பிரஷ் நுனியை ஈரமாக்கி, ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஜிப்சம் துணுக்கு, உடைந்த சிப்பி. அவற்றுக்கு நடுவே அது. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அறைகள் சுருண்டு சுருண்டு வளர்ந்து, ஓரம் முழுக்க ஒரு விளிம்பு ஓடுகிறது, எவர்சில்வர் தட்டின் மடிப்பு போல. திருப்பிப் போட்டால் நடுக்குழியைச் சுற்றிச் சின்னச் சின்ன வாய்கள். பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர் கட்டிய வீடு. தொட்டால் பிரஷில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஸ்லைடுக்கு மாற்ற வேண்டும்.

'ஆ'வில் ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

1 முதல் 13 வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. 15 முதல் 18 வரை கருத்த களிமண், ஓடுகள் கரைந்துபோய் எதையும் சொல்ல முடியவில்லை. 20க்கு மேலே கிடையாது. உலகம் முழுக்கவே ரொட்டாலிபோரா சுமார் 9.4 கோடி ஆண்டுக்கு முன்னால், செனோமேனியன் என்ற காலகட்டம் முடியும் தருவாயில், கடலின் ஆழத்தில் ஆக்சிஜன் குன்றிய காலத்தில் அற்றுப்போகிறது. நாங்கள் அளந்த அடுக்குகளில் அது எங்கே நிற்கிறது என்பதுதான் என் ஆய்வேடு. 'அ' பதினான்கு என்றால் 14இல் நின்றது. பத்தொன்பது என்றால் அந்தக் கருத்த களிமண்ணையும் தாண்டி வந்திருக்கிறது. ஐந்து மீட்டர் வித்தியாசம்.

பார்க்கிற எல்லாரும் 'அ'தான் 14 என்பார்கள். ஏன்? அதில் ரொட்டாலிபோரா இருக்கிறது, அது கீழே இருக்க வேண்டியது. சரி, ரொட்டாலிபோரா கீழேதான் இருந்தது என்று எப்படித் தெரியும்? 'அ' கீழே இருக்கிறதே. இந்தச் செக்கில் இரவு முழுக்கச் சுற்றினேன். உயிரை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டு, அந்த இடத்தை வைத்து உயிரைப் பற்றி எழுத முடியாது.

ஜனவரி 13

ரிப்போர்ட் வந்துவிட்டது.

ஜனவரி 14

பொங்கல் வைத்தோம். அம்மா வாசலில் சின்னக் கோலம்தான் போட்டார்.

ஜனவரி 17

அப்பாவுக்கு இன்று முதலாவது. காலை ஏழு மணிக்குப் போய் மாலை ஐந்துக்குத்தான் வெளியே வந்தோம். கையில் பெயரும் எண்ணும் எழுதிய பட்டை கட்டினார்கள். ஒவ்வொரு பாட்டில் மாற்றும்போதும் அந்த நர்ஸ் பட்டையைப் படித்துவிட்டு, "பேரைச் சொல்லுங்கய்யா" என்கிறார். அப்பா சொல்கிறார். பாட்டிலில் உள்ள சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறார். நான்காவது முறை அப்பா, "காலைலேர்ந்து இதே பேருதாம்மா" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னாத்தான்யா மாட்டுவேன்" என்றார்.

அவர் தூங்கிய நேரத்தில் டிசம்பர் பயணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாடாலூரில் இருந்து அவர் வண்டியில்தான் போனோம். காரையில் அந்தச் சிவப்பும் சாம்பலுமான மேடுகளில் ஏறி இறங்கும்போது மூன்று முறை உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தேன். "நீ தோண்டு, நான் எழுதறேன்" என்றார்.

ஜனவரி 19

மழை. தை மாதத்தில் இப்படி ஒரு மழை. காரையில் ஓடை ஓடியிருந்தால் என் குழிகள் தூர்ந்திருக்கும்.

ஜனவரி 20

இன்றும்.

ஜனவரி 23

கைடு மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "ரெண்டையும் விட்டுடு. இருபத்திரண்டை வச்சு எழுது. இருக்கற நிலைமையில உன்னை மறுபடி ஃபீல்டுக்குப் போன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். விட்டால் 13க்கும் 20க்கும் நடுவே ஏழு மீட்டர் வெற்றிடம். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

அலமாரியில் இருந்த பழைய தொகுதியைப் புரட்டினேன். 1860 வாக்கில் நிலவியலாளர் பிளான்போர்டு இந்தப் பகுதியைச் சுற்றி வரைபடம் போட்டார். சேர்த்த அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் ஸ்டோலிச்கா ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். 1874இல் யார்க்கண்ட் போய்த் திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார், முப்பத்தாறு வயது. பக்கத்துக்குப் பக்கம் நம் ஊர்ப் பெயர்கள். ஊட்டத்தூர், ஒடியம் எல்லாம் வெள்ளைக்கார எழுத்துக் கூட்டலில். மீட்டர்க் கணக்கு இல்லை, ஊர்ப் பெயர் மட்டும்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் ஆட்கள் அதே மேட்டுக்குப் போய் நிற்கிறார்கள்.

ஜனவரி 24

கல்லமேட்டு எலும்புகளைப் பற்றி மறுபடி படித்தேன். 1987இல் விவரித்த அந்தப் பிரம்மாண்ட டைனோசர். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். எலும்புகள் பின்னால் ஈரத்தில் உதிர்ந்தே போய்விட்டன. தாளில் இருப்பதுதான் மிச்சம்.

இதை ஏன் இரவில் படிக்கிறேன்.

ஜனவரி 26

மார்க்கரை எடுத்து 'அ' பையின் மேல் 14 என்று எழுதினேன். எழுதியது அழகாகவே இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை, அதோடு அது உண்மையாகவும் இருக்கலாம். பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன். கறை போகவில்லை. மண்ணை வேறு பைக்கு மாற்றினேன், உள்ளே பென்சிலில் 'அ' என்று எழுதி வைத்து.

ஜனவரி 28

அப்பாவே கேட்டார். "அந்த மண்ணெல்லாம் என்னாச்சு?"

நடக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது, தலையணையில் கிடக்கிறது. "ஏதோ குறையுது" என்றார். இரண்டு பையில் எண் அழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கேனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"எருக்கஞ்செடி ஓரம் ஒரு குழி போட்டியே, அது பதினாலு. பத்தொம்பது மண்ண நாக்குல வச்சுப் பாருன்னே. ஒட்டிக்கிச்சு."

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த நாக்கு விஷயமே மறந்துவிட்டது. ஆனால் 'அ', 'ஆ' இரண்டுமே நாக்கில் ஒட்டுகின்றன. இன்று வைத்துப் பார்த்தேன்.

"போயிட்டு வாம்மா. சித்தப்பாவக் கூட்டிக்கிட்டுப் போ."

ஜனவரி 30

மேடம் சாய்வு அளக்கும் க்ளினோமீட்டரைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2

காரை. விடியற்காலையில் போய்விட்டோம். ஈரம் காய்ந்த மண்ணில் ஜிப்சம் சில்லுகள் கண்ணாடி உடைத்துக் கொட்டியதுபோல மின்னுகின்றன. பெலம்னைட் புதைபடிவம் ஒன்று, துப்பாக்கிக் குண்டு மாதிரி, தானே வெளியே வந்து கிடந்தது. எடுக்கவில்லை. அது கழுவி வந்தது, எந்த அடுக்கினுடையது என்று சொல்ல முடியாது.

10க்கும் 15க்கும் பெயின்ட் அடித்து வைத்த கற்கள் அப்படியே இருந்தன. 20ஆம் கல்லைக் காணோம். அந்தப் பக்கக் கரையே இடிந்து ஓடைக்குள் சரிந்திருக்கிறது. எருக்கஞ்செடி இருந்தது. அதன் ஓரம் பாதி தூர்ந்த குழி. 15ஆம் கல்லில் இருந்து இறங்கி அளந்தேன், சரியாக 14. தோண்டி எடுத்தேன். சீட்டில் பென்சில், பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

19க்குத்தான் நேரம் பிடித்தது. மண் அடுக்குகள் கிழக்கே மெல்லச் சாய்கின்றன. சாய்வைப் பிடித்துக்கொண்டு 15இல் இருந்து கோலை நிறுத்தி நிறுத்தி மேலே ஏற வேண்டும். சித்தப்பா கோலைப் பிடித்தார், நான் க்ளினோமீட்டரில் பார்த்தேன். மூன்று முறை அளந்தோம். மூன்றும் ஒரு கையளவுக்குள் வந்தன. புதுக் குழி, முழங்கை ஆழம், ஈரமான பச்சைச் சாம்பல் களிமண்.

ஆடு மேய்க்கிற பாட்டி போன தடவையும் பார்த்தவர். "அன்னிக்கு ஒங்கப்பா வந்தாரே, எங்க?" என்றார். வீட்டில் இருக்கிறார் என்றேன்.

பிப்ரவரி 3

ஊறுகிறது.

பிப்ரவரி 5

அலசினேன். சல்லடை இரண்டு முறை நீலத்தில். ஓவனில் 50 டிகிரியில் காய்கிறது. தட்டில் கொட்ட நாளை மதியம் ஆகும்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து போன். இரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டுமாம், நாளையே வரச் சொல்கிறார்கள். காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஓவனை அணைத்து, இரண்டு தட்டையும் தாள் போட்டு மூடி, மேலே எண் எழுதி வைக்கும்படி ரூமில் இருப்பவளிடம் சொல்லியிருக்கிறேன். பென்சிலில்.