ஆறு பத்து பஸ்

2006 வசந்தகாலத்தில் ஜேர்மனியின் ரைன்லாந்து-பல்ஸ் மாநிலத்தில் இரண்டு பேர் தேர்தலில் வென்றோம். ஒருவர் மாநில முதல்வர் கூர்ட் பெக். மற்றவர் நான். அவருடைய சமூக ஜனநாயகக் கட்சி 45.6 வீதம் எடுத்து, கூட்டணிக்கு ஆள் தேடாமலே ஆட்சி அமைத்தது. நான் எங்கள் தொழிற்சாலையின் 'பெட்ரீப்ஸ்ராட்'டுக்கு, அதாவது தொழிலாளர் குழுவுக்கு, ஒன்பது பேரில் ஒன்பதாவதாக உள்ளே போனேன்.

அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, பிறகு மின் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற மேசையில் வந்து நின்றவன் நான். பக்கத்து மேசையில் ஓய்வுபெற இருந்த ஒரு ஜேர்மன்காரர், பெக்கின் கட்சியில் பழைய உறுப்பினர். பெக்கைப் பற்றிக் கதைத்தால் பற்றவைக்கும் கோலைத் தூக்கிக் காட்டுவார். "இதைப் பிடித்த கை." உண்மைதான். கொத்தனாரின் மகனான பெக், எலெக்ட்ரோ மெக்கானிக்காகத் தொழில் பழகி, பாட் பெர்க்சாபெர்னில் ராணுவத் தளவாடங்கள் திருத்தும் இடத்தில் வேலை செய்தவர். அங்கே ஊழியர் பிரதிநிதியாக இருந்தவர். 1979இல் மாநில சட்டமன்றத்துக்குப் போனார். பிறகும் தன் கிராமமான ஸ்டைன்பெல்டுக்கு மேயராக இருந்தார். ருடோல்ஃப் ஷார்பிங் 1994இல் தேசிய அரசியலுக்காகப் பொன் (Bonn) நகரத்துக்குப் போனபோது மாநில முதல்வர் நாற்காலி இவருக்கு வந்தது. பதினெட்டு வருடத்துக்கு மேல் அதில் இருந்தார்.

பல்ஸ் பேச்சுவழக்கில் அவருடைய வாசகம் "நா பை டே லைட்". சனத்துக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். வைன் விழாவோ கோழிப் பண்ணையோ, தோளில் தட்டிக் கதைக்கிற மனிதர். எனக்கும் அந்த முறைதான் பிடித்திருந்தது. குழுவில் மற்றவர்கள் சட்டப் பிரிவு எண்களோடு கதைக்கும்போது நான் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதைப்பேன்.

2006 மே மாதம் பெக் கட்சியின் தேசியத் தலைவரும் ஆனார். முன்னிருந்த மத்தியாஸ் பிளாட்ஸெக் உடல்நிலை காரணமாக விலகியிருந்தார். மாநிலத் தலைநகர் மைன்ஸில் முதல்வர், பேர்லினில் தலைவர். டிசம்பரில் வீஸ்பாடன் கிறிஸ்துமஸ் சந்தையில் வேலையில்லாத ஒருவர் அவரிடம் குறை சொன்னார். தலைமுடிக்கு நிறம் பூசிய, மூக்கில் வளையம் போட்ட மனிதர். "குளித்து, சவரம் செய்தால் மூன்று கிழமையில் வேலை கிடைக்கும்" என்று பெக் சொன்னார். சொன்னவரே தாடிக்காரர் என்பது வேறு கதை. ஸ்டைன்பெல்டின் சாராயக் கடையில் அது ஒரு பகிடி. தேசியத் தொலைக்காட்சியில் அது ஏழையை அவமதித்த கட்சித் தலைவர். பிறகு அவருடைய ஆட்கள் அந்த மனிதருக்கு வேலை வாய்ப்புகளும் தேடிக் கொடுத்தார்கள்.

எங்கள் சாப்பாட்டு அறையில் இதைப் பற்றி நானும் சிரித்தேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, என் முறை வந்தது. ஒரு தொழிலாளி, நாற்பது வயது இருக்கும், குழு அறைக்கு வந்து காலை வேலையிலிருந்து மாலை வேலைக்கு மாற்றித் தரச் சொன்னார். அந்த மாதம் நான்கு தடவை பிந்தி வந்தவர் என்று எனக்குத் தெரியும். "முதலில் நேரத்துக்கு வா, பிறகு மாலை வேலையைப் பற்றிக் கதைப்போம்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் கோப்பியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். மத்தியானத்துக்குள் சொன்னது சாப்பாட்டு அறை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த நாள் அவருடைய மேசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து மடித்த பஸ் நேர அட்டவணையை எடுத்து என் முன்னால் விரித்தார். அவருடைய ஊரிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வருவது ஆறு பத்து. காலை வேலை தொடங்குவது ஆறு. முன்பு யாரோ காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அவர் வேலையை விட்டுவிட்டார். பிந்தி வந்ததுதான் அவர் சொல்ல வந்த விஷயமே. நான் அதை எடுத்து அவர் முகத்திலேயே எறிந்திருக்கிறேன்.

பெக்கின் வீழ்ச்சியைப் பத்திரிகைகள் பெரிய பெரிய காரணங்களோடு எழுதின. எனக்குப் படுவது வேறு. 2008 பெப்ரவரியில், ஹம்பர்க் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பத்திரிகையாளர்களோடு இருந்த தனிப்பட்ட உரையாடலில், பக்கத்து மாநிலமான ஹெஸனில் தங்கள் வேட்பாளர், கூட்டுச் சேரமாட்டோம் என்று சொல்லியிருந்த இடதுசாரிக் கட்சியின் வாக்குகளால் முதல்வர் ஆகலாம் என்று கோடி காட்டினார். அது வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. செப்டம்பர் 7ஆம் தேதி, பொட்ஸ்டாமுக்குப் பக்கத்தில் ஷ்வீலோசே ஏரிக்கரைக் கூட்டத்தில் தலைவர் பதவியை விட்டார். அதற்குள் ஸ்டைன்மையர்தான் சான்சலர் வேட்பாளர் என்ற செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்திருந்தது. அவரை ஊரில் வெல்ல வைத்ததும் பேர்லினில் விழுத்தியதும் ஒரே நாக்குத்தான்.

நூர்பூர்க்ரிங் கார்ப் பந்தயத் தளத்தில் மாநிலம் கட்டிய கேளிக்கைப் பூங்கா 2012இல் திவாலானது நாக்கால் வந்த பிழை அல்ல. அதற்கு அவரை நான் காப்பாற்ற மாட்டேன். வரிப்பணம் போனது. 2013 ஜனவரியில் மாலு ட்ரையரிடம் பதவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு 2017இல், பேர்லின் கிறிஸ்துமஸ் சந்தைத் தாக்குதலில் 12 பேர் இறந்திருந்த நிலையில், பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரதிநிதியாக அரசு அவரை நியமித்தது. மறுபடியும் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை. இந்தத் தடவை குடும்பங்கள் கதைக்க, அவர் கேட்டார். உடற்கூற்றுப் பரிசோதனைக்கான கட்டண பில் சில வீடுகளுக்குத் தபாலில் போயிருந்ததை அவர்களிடமிருந்து அறிந்து, வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் நெருங்கிய உறவுகளுக்கான உதவித்தொகை 10,000 யூரோவிலிருந்து 30,000 ஆனது.

எங்கள் ஆளை மாலை வேலைக்கு மாற்ற மூன்று கூட்டம் எடுத்தது. 2010 தேர்தலில் நான் மறுபடியும் ஒன்பதாவதாகத்தான் வந்தேன். அவர் எனக்கு வாக்குப் போட்டாரா என்று கேட்கவில்லை.