கன்னிக் குட்டிக்காகப் பதினொரு வாரங்கள்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

இந்த ஆண்டு கட்டாயம் கன்னி என்ற நாட்டு வேட்டை நாய் இனத்தில் ஒன்றை வளர்ப்பது என்று இன்று வீட்டில் முடிவாயிற்று. தாத்தாவிடம் இரண்டு கன்னிகள் இருந்தன என்பதும், அறுவடை முடிந்த கரிசல் காட்டில் அவை முயலின் பின்னால் ஓடியதை ஊரே நின்று பார்த்தது என்பதும் நான் கேட்டு வளர்ந்த கதைகள். நானாக ஒரு நாயை இதுவரை வளர்த்ததில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். அது குற்றமாக இருப்பதே சரி என்று நினைக்கிறேன். ஆனால் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடலும் கண்ணும் அந்த நாயிடம் அப்படியே இருக்கின்றன. அதற்கு ஓட இடம் வேண்டும், செய்ய ஒரு வேலை வேண்டும். எங்களிடம் வேலியிட்ட மூன்று ஏக்கர் இருக்கிறது. இரவில் காவல் தேவைப்படும் ஆட்டுப்பட்டியும் இருக்கிறது.

ராஜபாளையம் நாய் வாங்கலாம் என்றாள் மனைவி. அந்த வெள்ளை நிறத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வரக்கூடும் என்பதால், முதல்முறை வளர்ப்பவன் அதைச் சோதித்து வாங்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தேனிப் பக்கத்துக் கோம்பை காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற இனம். அதன் முரட்டுக் குணத்தைக் கட்டியாளும் அனுபவம் எனக்கு இல்லை. கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாய்தான், நிறத்தால்தான் பெயர் மாறுகிறது என்று எங்கள் பகுதிப் பெரியவர்களில் பலர் சொல்கிறார்கள். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனியாகப் பதிகிறது. நான் தேடுவது, உடல் கருமையும் புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டும் உள்ள கன்னி.

நவம்பர் 10, ஞாயிறு

குட்டிகள் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓர் இடத்துக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினேன். தகரக் கொட்டகையில் ஒன்பது குட்டிகள் இருந்தன. வயது நாற்பது நாள் என்றார் அந்த மனிதர். அவற்றின் தள்ளாட்டத்தைப் பார்த்தால் முப்பது நாளைத் தாண்டியிருக்காது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. அந்த விதி இல்லாவிட்டாலும், தாயிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் பிரிக்கும் வயது அதுவல்ல. எவ்வளவு கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வதே அந்த வாரங்களில்தான்.

தாயைக் காட்டச் சொன்னேன். காட்டுக்குப் போயிருக்கிறது என்றார். அரை மணி நேரம் காத்திருக்கிறேன் என்றதும், இன்று வராது என்றார். தகப்பனைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானையாய் உப்பியிருந்த ஒரு குட்டி என் கால்விரலை நக்கியது. அது குடற்புழுவின் வயிறு. இரண்டாக எடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்று அவர் சொன்னபோது, இந்த ஒன்றையாவது காப்பாற்றலாமே என்று கை சட்டைப் பைக்குப் போனது உண்மை. நான் கொடுக்கும் பணம் அந்தக் குட்டியைக் காப்பாற்றும். அதே பணம், கண்ணில் காட்டப்படாத அந்தத் தாயை அடுத்த பருவத்திலேயே மறுபடியும் சினையாக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கழுகுமலைப் பக்கம் ஒரு பெரியவர். அண்ணாச்சி என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவரிடம் இருப்பது இரண்டே பெட்டைகள். அவற்றில் ஒன்று போன ஞாயிற்றுக்கிழமை, அதாவது 17ஆம் தேதி, ஐந்து குட்டிகள் ஈன்றிருக்கிறது. குட்டிகளைக் காட்டவில்லை. கண் திறக்கவே இன்னும் நாளாகும், அந்நிய வாடை இப்போது கூடாது என்று சொல்லிவிட்டார். தாயை மட்டும், அது வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியிலிருந்து பார்க்க அனுமதித்தார். என்னைக் கண்டதும் நின்றது, குரைத்தது, அவர் ஒரு சொல் சொன்னதும் அடங்கி, என்னைப் பார்த்தபடியே தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனது. எனக்கு வேண்டிய குணம் அதுதான்: அந்நியரை நம்பாமலும் அஞ்சி ஒடுங்காமலும் இருப்பது.

நான் கேட்க எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளுக்கு முன்னால் அவருடைய கேள்விகள் வந்துவிட்டன. "ராத்திரி நாய் எங்க படுக்கும் தம்பி?" என்று தொடங்கினார். வேலி எத்தனை அடி உயரம், வீட்டில் கோழி உண்டா, பிள்ளைகளின் வயது என்ன, நான் வெளியூர் போனால் கஞ்சி ஊற்றுவது யார், முயலுக்கு விடும் எண்ணம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றதும் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். இந்த இனத்தை விலைக்குக் கொடுப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மணமகளுக்குச் சீரோடு கொடுத்தனுப்பியதால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்று அவர் பாட்டி சொல்வாராம். தடுப்பூசிச் செலவை மட்டும் வாங்கிக்கொள்வார். ஆனால் நாயை வேறு கைக்கு மாற்றக்கூடாது, வளர்க்க முடியாமல் போனால் அவரிடமே கொண்டுவந்து விட வேண்டும் என்று வாக்குக் கேட்டார். கொடுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

இந்த வாரம் பெய்த பெருமழையில் ஓடைப் பாதை அறுந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குட்டிகளுக்கு நான்கு வாரம் ஆகிறது: மூன்று ஆண், இரண்டு பெட்டை. படுக்கை உலர்ந்திருந்தது, சாக்கை தினமும் இருமுறை மாற்றுகிறார். இரண்டாம் வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து கொடுத்துவருகிறார். தாயின் பாலோடு இப்போது கேழ்வரகுக் கூழும் பழக்குகிறார்.

அண்ணாச்சி ஒரு பழைய கணக்கு நோட்டைக் காட்டினார். எந்தப் பெட்டை, எந்த ஊர் ஆண், எத்தனை குட்டி, யார் வீட்டுக்குப் போனது என்று அதில் அவர் தந்தையின் கையெழுத்திலிருந்து தொடர்கிறது. நல்ல கன்னிகள் சில ஊர்களில், சில வீடுகளில் மட்டுமே மிஞ்சியிருப்பதால், அருகில் கிடைக்கும் ஆணோடு சேர்த்தால் அது பெரும்பாலும் இரத்த உறவாகவே இருக்கும். அதைத் தவிர்க்க இந்த முறை வெகு தொலைவிலிருந்து ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தாய்க்கு நான்கு வயது, இது இரண்டாவது ஈத்து, முதல் ஈத்து முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. எந்தச் சான்றிதழையும்விட இந்த நோட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முற்காலத்தில் ஓர் ஈத்தில் ஒன்றிரண்டு ஆண் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை, குறிப்பாகப் பெட்டைகளை, அழித்துவிடுவார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தாய்ப்பால் அந்த ஒன்றிரண்டுக்கே போய்ச் சேரட்டும் என்பது அவர்கள் கணக்கு. அவருடைய தந்தை காலத்தில் அது நின்றுபோனதாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஆறு வாரம். இன்று மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். ஒவ்வொரு குட்டியையும் தனியே, அது அதுவரை பார்த்திராத களத்துமேட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். கூட்டத்தில் இருக்கும்போது ஒன்று ஓடினால் எல்லாமே ஓடும்; காது கேளாத குட்டிகூட மற்றவற்றைப் பார்த்துச் சமாளித்துவிடும்.

வந்ததும் என்னை நோக்கிப் பாய்ந்து வந்த பெரிய ஆண் குட்டிதான் நான் முதல் நாளே மனதில் குறித்து வைத்திருந்தது. கயிற்றில் கட்டிய துணியை இழுத்தபோது மின்னலாக விரட்டியது. ஆனால் அதன் பின்னால், கண்ணில் படாமல், ஈயத்தட்டைத் தரையில் போட்டபோது ஓடிப்போய் வைக்கோல் போருக்கு அடியில் புகுந்தது. கால் மணி நேரம் வெளியே வரவில்லை. நெஞ்சில் வெள்ளைக் கீற்றுள்ள பெட்டை அதே ஓசைக்குத் துள்ளிப் பின்வாங்கியது, நின்றது, பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து தட்டை முகர்ந்தது. மல்லாத்திப் பிடித்தபோது சிறிது திமிறிவிட்டு அடங்கியது. துணியை அதுவும் விரட்டியது; கண் துணியை விட்டு அகலவே இல்லை. திடுக்கிடாத குட்டியைத் தேட வேண்டியதில்லை, திடுக்கிட்டபிறகு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும் என்பது எனக்கு இன்று புரிந்தது. மற்ற மூன்றும் குறையில்லாதவை. அவற்றில் ஒன்று எப்போதும் உறங்க விரும்பியது.

ஜனவரி 6, 2025, திங்கள்

குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி. மருத்துவமனைக்கு நானும் போனேன். வெள்ளைக் கீற்றுக்காரிக்கு ஈறு நல்ல இளஞ்சிவப்பு, மேற்பல் கீழ்ப்பல்லை ஒட்டி மூடுகிறது, தொப்புளில் புடைப்பு இல்லை, இதயத்தில் ஓசைக் குறை இல்லை. ஒரு செய்தியை மருத்துவர் அழுத்திச் சொன்னார்: உடலில் கொழுப்பு மிகக் குறைந்த இந்த வகை ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகளின் வேகம் எளிதில் தணியாது, எனவே எந்த ஊரில் அறுவைச் சிகிச்சை நடந்தாலும் இனத்தை முதலில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அட்டையின் உள்பக்கத்தில் அதை எழுதி வைத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வெள்ளைக் கீற்றுக்காரிதான் வேண்டும் என்று முடிவைச் சொன்னேன். ஊரில் பெட்டையைக் கேட்டு வருபவர்கள் குறைவு. அவளைத் தாமே வைத்துக்கொள்ள நேருமோ என்று அண்ணாச்சி எண்ணியிருந்தாராம். பதினெட்டு மாதம் நிறையாமல் சேர்க்கைக்கு விடுவதில்லை, விடும்போது நோட்டைப் பார்க்காமல் விடுவதில்லை என்று நானாகவே சொன்னேன். பொங்கல் நெரிசல் முடிந்து அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒன்பது வாரம். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டை வெட்டி, கூடவே நான்கு நாளுக்கான கேழ்வரகு மாவையும் கொடுத்தார். கஞ்சியை ஒரேயடியாக மாற்றினால் வயிறு போகும். வண்டியில் வரும் வழியெல்லாம் மனைவியின் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆட்டுக்குட்டிகளைக் கண்டதும் நின்று, உடல் நீட்டி, ஒரு காலைத் தூக்கினாள். கயிற்றை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளாகக் கண்ணை எடுக்கும்வரை காத்திருந்தேன். இந்தப் பழக்கத்தை நாள்தோறும் செய்ய வேண்டியிருக்கும். அடுத்த தடுப்பூசி பிப்ரவரி 3ஆம் தேதி. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்தபின்.

இப்போது இரவு பதினொன்றரை. இரண்டு முறை அழுதாள். சாக்குத் துண்டைக் கட்டிலருகே போட்டதும் அதில் மூக்கைப் புதைத்துப் படுத்திருக்கிறாள். அண்ணாச்சி தொலைபேசியில் கேட்டார், எங்கே படுத்திருக்கிறாள் என்று.