கச்சான் காலத்தில் கோணேசர் தரிசனம்

திருகோணமலையில் உறவுசனம் கூடுவது ஆகஸ்ட் பள்ளிக்கூட லீவில்தான். அப்பப்பா, அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை இருபது பேர் ஒரு வீட்டில் நிற்கும்போது, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பேச்சை எடுக்க வேண்டாம். இது கச்சான் காற்றின் காலம். மேற்கிலிருந்து தரைச் சூட்டை அள்ளிக்கொண்டு வரும். பத்து மணி தாண்டினால் வயதானவர்களும் குழந்தைகளும் வாடிவிடுவார்கள்.

கோணேசருக்குக் காலைப் பூசைதான் நல்லது. கோயில் பிரெட்றிக் கோட்டைக்குள், சுவாமிமலை உச்சியில் இருக்கிறது. கூட்ட நாளில் வாகனத்தைக் கீழேயே மறிப்பதுண்டு. அதனால் நடக்க முடியாதவர்களை முதல் ஓட்டோவிலேயே ஏற்றி அனுப்பிவிடுங்கள். கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்று நிலைக்கல்லைப் பாருங்கள். இரட்டைக் கயலும், கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் சொல்லும் தமிழ் எழுத்தும் அதில் தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்கள்தான் இந்தக் கோட்டையாயின. சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தில் மண்ணுக்குள் கிடந்த வெண்கலத் திருமேனிகள் 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த வாசலைவிட நல்ல இடமில்லை.

வழியில் புள்ளிமான்கள் நிற்கும். அர்ச்சனைத் தட்டை இடுப்பளவில் பிடித்தால் வாழைப்பழம் போய்விடும், தோளுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பொலித்தீன் பையை மட்டும் கீழே விட வேண்டாம். உப்பும் இனிப்பும் ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கிவிடும், அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

பெரிய குடும்பம் தடுமாறுவது அர்ச்சனையில்தான். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்பார். அப்போதுதான் சின்ன மருமகளின் நட்சத்திரம் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளிக்கும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். முதல் நாள் இரவே குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று பெயர், நட்சத்திரம், இராசி எழுதி வையுங்கள். இருபது பேருக்கு இருபது தட்டு தேவையில்லை, வீட்டுக்கு ஒன்று போதும். கோணேசரோடு இருக்கும் மாதுமை அம்பாளுக்கு மட்டும் பூ தனியாக எடுத்து வையுங்கள்.

தரிசனம் முடிந்ததும் பிள்ளைகள் இராவணன் வெட்டு என்னும் மலைப் பிளவுக்கு ஓடுவார்கள். பிள்ளை வரம் கேட்டுச் சின்னத் தொட்டில்கள் கட்டிய மரம் அங்கே இருக்கிறது. விளிம்பில் காற்று தள்ளும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நேரே வீடு. கல் சுட்டபின் வெறுங்காலோடு இறங்குவது தண்டனை.

ஒரு நாள் வீட்டில் கிடந்து எழும்பி, அடுத்த நாள் விடியவே கன்னியா. அநுராதபுர வீதியால் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சூடு மாறும், அதனால் குழந்தையின் தலையில் ஊற்றுமுன் கையில் விட்டுப் பாருங்கள். இறங்கிக் குளிக்கிற இடமல்ல, அள்ளி ஊற்றுகிற இடம். மூன்று நான்கு வாளி கொண்டுபோனால் சனத்துக்கு நடுவே காத்து நிற்கத் தேவையில்லை. சவர்க்காரம் வேண்டாம். ஈரக்கல் வழுக்கும், ஆச்சிமாரை ஒருவர் கைபிடித்தே நிற்க வேண்டும்.

நிலாவெளிக் கடலும் காலையில்தான். இந்த மாதங்களில் அலை அடங்கியிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கரை கிழக்கு முகம், கச்சான் மேற்கிலிருந்து அடிப்பதால் காற்றடைத்த வளையத்தைக் கரையிலிருந்து ஆழத்துக்குத் தள்ளும். வளையம் போனால் போகட்டும், அதன் பின்னால் நீந்தக் கூடாது.

ஆடி அமாவாசை இந்த நாட்களுக்குள் வந்தால் அன்றைக்கு வேறு பயணம் வைக்காதீர்கள். தந்தையை இழந்தவர்கள் கடலில் தீர்த்தமாடி வர, வீட்டில் மரக்கறிச் சமையல் நடக்கும். அந்தச் சமையலில் சேரும் கசப்பான காத்தோட்டிக்காய்க்குச் சந்தையில் அன்று காலை அடிபிடி, முதல் நாளே வாங்குங்கள். பிளந்து விதையை வழித்தெடுத்து, உப்பு மஞ்சள் பிரட்டிப் பொரிக்க வேண்டும். விதை கொஞ்சம் தங்கினாலும் கசப்பு நாக்கை விடாது. ஆளுக்கு ஒரு துண்டு கணக்கு, சின்னதுகள் முகத்தைச் சுளித்துத்தான் விழுங்கும். படைத்து, காகத்துக்கு வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டு முடிய இரண்டு மணியாகும். பிறகு விறாந்தையில் பாயை விரித்தால் கச்சான் பாட்டுக்கு அடிக்கட்டும்.