திருவேங்கடம் பெயர் வைத்த காப்பிச் செடி

ரோட்ரிக்ஸ் தீவுக்கு எவ்வளவு செலவாகும், எங்கே தங்கலாம் என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து மூன்று நாளாகியும் மனசு அதை விட்டு நகரவில்லை.

மொரீஷியஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் சின்ன விமானத்தில் போக வேண்டும். அந்த டிக்கெட்டே என் பட்ஜெட்டில் பாதியை விழுங்கிவிட்டது. இறங்கியதும் ஒரு டாக்ஸிக்காரர் ஆயிரத்து ஐநூறு மொரீஷியஸ் ரூபாய் கேட்டார். வெயிலில் அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதே சாலையில் பஸ்ஸில் போனேன். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. வயிறு எரிந்தது. தயவுசெய்து பஸ்ஸில் போங்கள்.

சரி, செடிக்கு வருகிறேன். கிராண்ட் மொன்டான் காப்புக்காட்டில் வழிகாட்டிய பெண் ஒரு கன்றின் முன்னால் நின்று "கஃபே மரோன்" என்றார். தீவில் பேசும் கிரியோல் மொழியில் காட்டுக் காப்பி என்று பொருள். அடிக்கோல் போல நீண்டு ஒடுங்கிய இலைகள். பழுப்பு நிறம், அதன்மேல் புள்ளிகள், நடுநரம்பை ஒட்டி ஒரு இளஞ்சிவப்புக் கோடு. காய்ந்த சருகு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் ஆள் உயரத்தில் இன்னொரு செடி. அதில் பளபளவென்று அகலமான பச்சை இலைகள், நட்சத்திரம் போல வெள்ளைப் பூ. இரண்டும் ஒரே செடிதான், வயதுதான் வேறு என்றார். குனிந்து குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு காலத்தில் இந்தத் தீவு முழுக்க ராட்சத ஆமைகள் இருந்தன. அவற்றின் வாய்க்குத் தப்பத்தான் இளஞ்செடி இப்படிச் சருகு வேஷம் போடுகிறது என்று சொல்கிறார்கள். ஆமைகள் அழிந்துவிட்டன. வேஷம் மட்டும் தொடர்கிறது.

இந்தச் செடி பூண்டோடு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி ஆசிரியர், சுற்றுவட்டாரச் செடிகளைக் கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினார். ஒரு பையன் ஒடித்து வந்த கிளை இதுதான்! காட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒற்றை மரம். செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் மருந்துக்கென்று கிளையை ஒடிக்க ஆரம்பித்தார்கள், வேலி மேல் வேலி போட வேண்டியதாயிற்று. 1986-ல் தண்டுத் துண்டுகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. அங்கே வேர் பிடித்துப் பூத்தது, ஆனால் காய்க்கவே இல்லை. 2003-ல்தான் கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்கலைஞர், பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியான சூல்முடியை வெட்டி, வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, கடைசியில் விதை எடுத்தார். அந்த விதைகளின் வழி வந்த கன்றுகள் தீவுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பெயர்ப்பலகையைப் படித்தேன். ராமோஸ்மானியா ரோட்ரிகேசி. பின்னால் சின்னதாக 'திர்வெங்.' என்று ஒரு புள்ளி வைத்த சுருக்கம். பெயர் வைத்த தாவரவியலாளரைக் குறிக்கும் சுருக்கம் அது. யார் என்று கேட்டேன். "திர்வெங்கடும், மொரீஷியஸ்காரர்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. திருவேங்கடம்! 1982-ல் இந்தப் பேரினத்தை வெர்ட்கோர்ட் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளரோடு சேர்ந்து நிறுவியவர் அவர்தான்.

அன்று இரவு அறையில் தேடிப் படித்தபோது இன்னொன்று கிடைத்தது. அதே காப்பிக் குடும்பத்தில் நம் பக்கத்து மரம் ஒன்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 1979-ல் அவரும் சாஸ்த்ர் என்பவரும் வைத்த பெயர் 'தமிழ்நாடியா'. வெளிவந்ததும் மொரீஷியஸ் இதழ் ஒன்றில்தான். தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, நம் மாநிலத்தின் பெயரில் ஒரு மரம் இருப்பதை இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு தீவுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் பாடப்புத்தகத்தில் இது ஏன் இல்லை? கோபமாகத்தான் கேட்கிறேன்.

சாப்பாடு: தீவின் முக்கிய ஊரான போர்ட் மத்துரினில் 'ஊரித்' கறி, அதாவது ஆக்டோபஸ் கறி, தீவின் குட்டி மிளகாய் ஊறுகாயோடு. காரம் காதில் ஏறியது. கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு மதிப்பு. மற்ற விலை விவரமெல்லாம் அடுத்த பதிவில், இந்த முறை உறுதியாக.

மொரீஷியஸ் திரும்பி ரோஸ் ஹில்லில் நான் தங்கியிருந்த வீட்டு அக்காவிடம் கதையைச் சொன்னேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "எங்க பேரெல்லாம் பிரெஞ்சுக்காரன் எழுதினபடிதானே" என்றார். ஒரு தாளில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். பள்ளியில் தமிழ் படிக்கும் பேரனைக் கூப்பிட்டார். அவன் விரலை எழுத்தின் மேல் வைத்து, "தி... ரு... வே... ங்... க... ட... ம்" என்று நிதானமாகப் படித்துவிட்டு, "இது திர்வெங்கடும் இல்லையா?" என்று பாட்டியிடம் கேட்டான்.