சாய்ந்து கிடக்கும் கழிக்கும் கணக்கு உண்டு

“பனிப்பாறை இத்தனை மீட்டர் பின்வாங்கியது” என்று செய்தி வந்தால், அது முகப்பை, அதாவது பனிப்பாறையின் கீழ்நுனியை, வைத்துச் சொன்ன கணக்கு. முகப்பு பல ஆண்டுகள் தாமதித்துத்தான் அசையும். இந்தக் கோடை எவ்வளவு தின்றது என்று தெரிய வேண்டுமானால் பனிக்கட்டியில் துளையிட்டு நட்ட மூங்கில் கழிதான் கதி. இமாசலத்தின் லாஹௌலில், பீர் பஞ்சால் தொடரின் வடசரிவில் இருக்கும் சோட்டா ஷிக்ரியில் 2002 முதல் இப்படித்தான் அளக்கிறார்கள். சுமார் 9 கி.மீ. நீளப் பனிப்பாறை அது. உருகும் நீர் சந்திரா ஆற்றில் இறங்கிச் செனாபுக்குப் போகிறது.

துளை போடும் கருவி இது: கேஸ் அடுப்பின் மேல் சிறு கொதிகலன், அதிலிருந்து குழாய், குழாயின் நுனியில் ஈட்டி. நீராவி பட்ட இடத்தில் பனிக்கட்டி துளைந்துகொண்டே போகும். 2 மீட்டர் மூங்கில் துண்டுகளைக் கம்பியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, 8, 10 மீட்டர் ஆழம் வரை இறக்க வேண்டும். பனி உருகி வெளியே வந்த துண்டு, கம்பி கட்டிய இடத்தில் மடங்கிவிடும். காற்று அடித்தாலும் அடித்துண்டு அசையாது. இரும்புக் குழாய் வேண்டாம். வெயிலில் சூடேறி, அந்தச் சூட்டை உள்ளே கடத்தித் தன்னைச் சுற்றித் தானே உருக்கிக்கொள்ளும்.

செப்டம்பர் கடைசியில், புதுப்பனி விழுமுன் அளவு எடுப்பார்கள். போன ஆண்டு 40 செ.மீ. வெளியே நின்ற கழி இப்போது 310 என்றால் போனது 270 செ.மீ. பனிக்கட்டி, பனிக்கட்டியின் அடர்த்தியான 0.9-ஆல் பெருக்கினால் 243 செ.மீ. நீர். கழியின் காலடியில் கிண்ணம் போலக் குழி விழுந்திருக்கும். குறுக்கே ஒரு பலகையை வைத்து அதிலிருந்து அளக்காவிட்டால் சில சென்டிமீட்டர் சும்மா கூடிவிடும்.

5,000 மீட்டருக்கு மேலே, பனி சேரும் இடத்தில், கழி மட்டும் போதாது. போன கோடையின் அழுக்குப் படலம் தெரியும்வரை குழி தோண்டி, அடுக்கடுக்காக எடை பார்க்க வேண்டும். 500 கன செ.மீ. குழாயில் 200 கிராம் வந்தால் அடர்த்தி 0.4. இரண்டு மீட்டர் பனிக்கு 80 செ.மீ. நீர். சோம்பலில் 0.3 என்று போட்டுக்கொண்டால் 60 ஆகிவிடும். நிழல் விழும் சுவரில்தான் மாதிரி எடுக்க வேண்டும். வெயில் பட்ட சுவர் ஈரமாகிக் குழாயில் ஒட்டும்.

கீழ்ப்பகுதியில் கல்லும் மண்ணும் மூடிய இடங்கள் தனித் தொல்லை. மெல்லிய தூசுப் படலம் உருகலைக் கூட்டும். அரையடிக் கல்மூட்டம் போர்வையாகிக் குறைக்கும். துளைக்க எளிது என்று வெறும் பனிக்கட்டியாகப் பார்த்து நட்டால், அந்த எண் கல் மூடிய பரப்புக்குச் செல்லாது. கல்லை விலக்கித் துளையிட்டால், முன்பிருந்த கனத்துக்கே திரும்பப் பரப்பிவிட வேண்டும்.

இத்தனையையும்விடப் பெரிய பிழை வேறு. உருகல் துளையின் ஆழத்தைத் தாண்டினால் கழி விழுந்துவிடும். அதாவது, வெப்பம் மிகுந்த ஆண்டில், மிக அதிகமாக உருகிய இடத்துக் கழிகள்தாம் காணாமல் போகும். அவற்றை “அளவு இல்லை” என்று விட்டுவிட்டுச் சராசரி போட்டால், மோசமான ஆண்டு சுமாரான ஆண்டாகத் தெரியும். பல அட்டவணைகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. விழுந்த கழிக்கு எதிரே, போன ஆண்டு பனிக்குள் எத்தனை மீட்டர் புதைந்திருந்ததோ அதை எழுதி, பக்கத்தில் ‘குறைந்தது’ என்று குறித்தாக வேண்டும். அடுத்த துளையை அதைவிட 2 மீட்டராவது ஆழமாகப் போட வேண்டும்.