உளி படாத ஆறு

மாமல்லபுரத்தில் வழிகாட்டி வேலை பார்ப்பவனிடம், பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒற்றைக்காலில் நிற்பது அர்ச்சுனனா, பகீரதனா?" ஊர் வழக்கில் அது அர்ச்சுனன் தபசு. கங்கையை வரவழைக்கும் பகீரதன்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பக்கத்தில் நின்று வரம் தருபவர் சிவன். இந்த வழக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, வந்தவர்களை நடுவிலுள்ள பிளவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவேன்.

ஏறத்தாழ 90 அடி நீளப் பாறை. தேவர், முனிவர், வேடர், விலங்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். இத்தனையும் செதுக்கிய 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஆற்றை மட்டும் செதுக்கவில்லை. பாறையில் தானாக விழுந்திருந்த வெடிப்பையே கங்கையாக வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நாகர்கள் கைகூப்பி, உடலை நெளித்து மேல்நோக்கி நீந்துகிறார்கள். அந்த நெளிவைப் பார்த்த பிறகுதான் வெறும் பிளவு தண்ணீராகத் தெரியும். மேலே தொட்டி இருந்ததற்குத் தடயம் உண்டு. விசேஷ நாட்களில் நிஜமாகவே நீர் விட்டிருக்கலாம் என்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் கீழே, அதே பாறையில் செதுக்கிய சின்னக் கோயிலுக்கு அருகில். ஒருவர் குளித்துவிட்டுத் துணியை முறுக்கிப் பிழிகிறார். இன்னொருவர் குடம் சுமக்கிறார். வானத்திலிருந்து தேவர்கள் பறந்து வருகிறார்கள், இவர் பாட்டுக்குத் துணி பிழிகிறார்! முறுக்கிய துணியைக் காட்டி, "இதிலிருந்து சொட்டுவதுதான் கங்கை" என்பேன். பெரியவர்கள் சிரிப்பார்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இது எடுபடாது. அவர்கள் வலப்பக்க யானைக்கு ஓடிவிடுவார்கள். தந்தத்துக்குப் பக்கத்தில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, சுற்றிலும் எலிகள். "புனித நதிக்கரையில் பகை கிடையாது" என்று ஒருமுறை விளக்கிக்கொண்டிருந்தேன். "இல்ல சார், அது எலி பிடிக்கத்தான் நிக்குது" என்றாள் ஒரு சிறுமி. தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் பழைய கதையும் அவள் கட்சிதான். புனித விளக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

பெரும்பாலான பேருந்துகள் மதியத்தில்தான் வந்து சேருகின்றன. சிற்பம் கிழக்குப் பார்த்தது. மதியத்துக்குமேல் பாறை நிழலில் போய், பிளவுக்குள் இருக்கும் நாகர்கள் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. வருபவர்கள் காலை வெயிலிலேயே வந்துவிடுங்கள், வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.