மணி அடிக்காத நாட்கள்

மார்ச் 24, 2024. குருத்தோலை ஞாயிறு
ஓலையைச் சிலுவையாக மடித்துத் தலைமாட்டில் செருகினேன். அம்மா கண் திறக்கவில்லை. சாயங்காலம் பங்குச் சாமி வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியில் எண்ணெய், இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய். துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் 25
பைபிளுக்குள் அம்மாவின் துண்டுச்சீட்டு. "ஞானம் 3. சின்னவ வாசிக்கணும்." ஞான நூல், மூன்றாம் அதிகாரம், அவளுடைய அடக்கப் பூசைக்கு. அப்பா பூசையில் மன்றாட்டு ஒரு வரியோடு அழுது நிறுத்தியவள் அந்தச் சின்னவள், நான். மாடிக்குப் போய்ச் சத்தமாக வாசித்தேன். "நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன" வரை சரி. அப்புறம் தொண்டை அடைத்தது.

மார்ச் 26
அரை டம்ளர் கஞ்சித்தண்ணீர். அதுவும் வழிந்துவிட்டது.

மார்ச் 27
உபதேசியாரிடம் கேட்டேவிட்டேன். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் ஞாயிறு முடிய அடக்கப் பூசை கிடையாதாம். ஜெபித்துப் புதைக்கலாம், பூசையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மணியும் சனி இரவு வரை அடிக்க மாட்டார்கள். துக்கமணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள் அம்மா. "யாருடி?" என்பாள். பதில் வருமுன்பே "நித்திய இளைப்பாற்றி" என்று இறந்தவருக்கான ஜெபத்தைத் தொடங்கிவிடுவாள். அவளுக்கு மணி இல்லாமலா? திங்கள் வரை இரும்மா. சீ, என்ன வேண்டுதல் இது.

மார்ச் 28
"உன்னதங்களிலே" பாடும்போது கோவில் மணி அடித்து ஓய்ந்தது. வீட்டிலிருந்தே கேட்டேன்.

மார்ச் 29
நிமிடத்துக்கு 9 மூச்சு.

மார்ச் 30
காலை 4.10.

அதே நாள், இரவு
ஃப்ரீசர் பெட்டி ஏழு மணிக்கே வந்துவிட்டது. அம்மாவின் கையில் அக்கா புது ஜெபமாலையைச் சுற்றினாள். நான் கழற்றிவிட்டுப் பழையதைச் சுற்றினேன், மூன்றாம் பத்தில் அறுந்து அம்மாவே நூல் போட்டுக் கட்டியது. அதற்கு ஒரு சண்டை. அண்ணன் குவைத்திலிருந்து நாளை இரவுதான் வருகிறான். அதனால் திங்கள் பூசை. அன்பியத்து (தெரு ஜெபக்குழு) பெண்கள் முறைவைத்து ஜெபமாலை சொல்கிறார்கள்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு மணி. பாஸ்கா மணி, ஈஸ்டர் மணி. பெட்டியைச் சுற்றி இருந்த எல்லோரும் எழுந்து நின்றோம். பெரியம்மா பழக்கதோஷத்தில் "நித்திய இளைப்பாற்றியை" என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்து, "அல்லேலூயா" என்றாள். சிரித்துவிட்டோம்.

மார்ச் 31
ஞானம் 3 பூசையில் கிடையாது. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுப்பதில்லை என்றார் சாமி. திருவெளிப்பாடு 21 கொடுத்தார். பிரசங்கத்தில் புகழ்ந்து பேசுவது முறையில்லையாம். நற்கருணை வாங்கிய பிறகு வீட்டார் ஒருவர் இரண்டு நிமிடம் பேசலாம். அண்ணன் பேசட்டும். "அம்மா கேட்ட வாசகத்தை இன்றைக்கு வீட்டு ஜெபத்தில் வாசிம்மா" என்றார். வாசித்தேன். முழுசாக.

ஏப்ரல் 1
பெட்டி வாசல் தாண்டும்போது துக்கமணி அடித்தது. எத்தனை என்று எண்ண மறந்துவிட்டேன்.

கோவிலில் பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ்கா திரி. "கண்ணீர் அனைத்தையும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முன்வரிசையிலிருந்து பெரியம்மா "அவர் துடைத்துவிடுவார்" என்று எடுத்துக்கொடுத்தாள், பள்ளிக்கூடத்தில் மாதிரி. கல்லறைத் தோட்டத்தில் கடல்மண். என் பிடியில் ஒரு கிளிஞ்சல் இருந்தது, மண்ணோடு அதையும் போட்டேன்.

ஏப்ரல் 3
ஏழாம் நாள் பூசைக்கு எழுதிக்கொடுக்கப் போனேன். நோட்டில் பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று போடச் சொன்னார்கள். பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தேன். குருத்தோலை இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. கட்டிலை அண்ணன் நாளைக்கு